நாற்பத்திரண்டாம் நம்பர் படகு

அன்புள்ள ஹெதருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர அதில் பாதிதான் நிஜம், மீதியைக் கீழே சொல்கிறேன். ஹோபார்ட்டில் இப்போது குளிர் ஆரம்பித்திருக்கும், நான் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காதே. தோட்டத்தில் அந்தப் புளிப்புத் தண்டு, ருபார்ப், தாறுமாறாக விளைந்து, இந்தத் தெருவில் என் ஜாம் போகாத வீடு இல்லை, என்னைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார்கள். போன கடிதத்தில் நீ கோபித்துக்கொண்டிருந்தாயே, அப்பாவுக்கென்று தனித்தாளில் படகு சமாசாரம் எழுதினால் ஒரு வரி பதில் வருவதில்லை என்று. அதற்கும் இந்தக் கடிதத்தில் பதில் இருக்கிறது, பொறுமையாகப் படி.

அப்பாவின் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. இரண்டு கண்ணிலும். மே பதினான்காம் தேதி வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்து கடிகாரத்துக்குப் பின்னால் கிடக்கிறது. கேட்டால் "எனக்கென்ன கேடு, பருந்து மாதிரி பாக்குறேன், பந்தயமெல்லாம் முடியட்டும்" என்கிறார். போன வாரம் குழம்பைத் தட்டுக்குப் பக்கத்தில் மேசைவிரிப்பில் ஊற்றிவிட்டு, விளக்கு மங்கல் என்றார். பகல் பன்னிரண்டு மணிக்கு என்ன விளக்கு? காரையும் ஓட்டிக்கொண்டிருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறேன். எங்கே ஒருநாள் யாரையாவது இடித்துவிடுவாரோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காக் குளத்தில் கிளப் கோப்பைப் பந்தயம். எட்டு ரிமோட் பொம்மைப் படகு, எல்லாம் ஒரே அச்சு, ஒரே வெள்ளைப் பாய், நம்பர் மட்டும்தான் வேறு. அப்பாவுடையது நாற்பத்திரண்டு, கிளப்பில் அவருக்கு எப்போதும் போட்டியான மியூரியல் ஆஷ்வொர்த்துடையது நாற்பத்தேழு. எட்டுப் பேரும் கழுத்தில் ரிமோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு கரையில் வரிசையாக நின்றார்கள், நான் வழக்கம்போல டீயும் சாண்ட்விச்சும் வைத்துக்கொண்டு, யார் முதலில் வருகிறார்கள் என்று குறிக்க நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பந்தயத்தில் அப்பாவுக்கு ஒரே குஷி. "பாத்தியா ஐவி, திரும்புன்னு நினைச்சாலே திரும்புது!" என்று ஒரே கூச்சல். முன்னால் போன படகைத் தன்னுடையது என்று நினைத்துத்தான் அப்படிக் குதித்தார். அது மியூரியலுடையது. காற்று எங்கே மாறும் என்று இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு, இவர் ரிமோட் விசையைத் திருப்பும்போதெல்லாம் அவளும் திருப்பியிருக்கிறாள். நம்முடைய நாற்பத்திரண்டோ பின்னால் தங்கி, திரும்பக்கூடாத இடத்தில் திரும்பிப் போய் நாணலில் செருகிக்கொண்டு நின்றது, ஒரு அன்னம் வந்து பாயைக் கொத்திப் பார்த்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு "எந்தக் கூமுட்டைடா படகை நாணல்ல சொருகி வச்சிருக்கான், ஓட்டத் தெரியலேன்னா வீட்ல உக்காந்து பேப்பர் படிக்க வேண்டியதுதானே" என்று சிரித்தார். தன்னைத்தானே கிண்டல் செய்கிறார் என்று நினைத்து எல்லோரும் கூடச் சிரித்தார்கள். விஷயம் தெரிந்த நான் மட்டும் டீ ஊற்றுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதோடு போயிருக்கலாம். அன்னம் தள்ளியதில் நாற்பத்திரண்டு நாணலைவிட்டு வெளியே வந்து, பந்தயப் பாதையைக் காட்டும் கடைசி மிதவையைச் சுற்றி வந்த மியூரியலின் படகில் போய் மோதியது. அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மோதிய படகு ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மேலே போகவேண்டும், அதுவும் நம்பரைச் சொல்லிக் கூவினால்தான் செல்லும், உனக்கே தெரியும். "இடிச்சவன் நம்பர் என்னய்யா? சொல்லுங்கய்யா, சுத்தட்டும்!" என்று கத்தினார். நடுவர் சிரில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு "நாப்பத்திரெண்டு, வில்ஃப்" என்றார். அப்பா விசையை ஓரமாகத் தள்ளினார். முன்னால் போனது தன் பாட்டுக்குப் போயிற்று, பின்னால் கிடந்தது மெதுவாக ஒரு வட்டம் போட்டது. சுற்றி முடித்துக் கடைசியாகக் கரை சேர்த்தார், நானும் எட்டாவது என்று குறித்தேன். மியூரியல் அருகில் வந்து "என் படகை இவ்வளவு நல்லா ஓட்டிக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி வில்ஃப்" என்றாள். இவரும் விடாமல் "ரெண்டாவது மிதவைல கொஞ்சம் சீக்கிரமே திருப்பிட்டே" என்றார். பிறகு கார்ச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள்தான் ஓட்டிவந்து எங்களை வீட்டில் விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கொட்டகைக்குப் போய் அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உள்ளே நீ எழுதிய தனித்தாள்கள், ஜனவரியிலிருந்து நான்கு. ஒவ்வொன்றையும் கொட்டகையில் உட்கார்ந்து படிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு, நான் கேட்டால் "எல்லாம் படகு விஷயம், உனக்குப் புரியாது" என்று சொல்லி வந்திருக்கிறார், ஹெதர். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லையாம் அவருக்கு. "நீயே படி ஐவி, முதல்லேருந்து படி, மெதுவாப் படி" என்றார். டீ ஆறிப்போகும்வரை படித்தேன். முடிந்ததும் கடிகாரத்துக்குப் பின்னாலிருந்த கடிதத்தைத் தானே எடுத்துக் கொடுத்து அதையும் படிக்கச் சொன்னார். பதினான்காம் தேதி மியூரியல்தான் காரில் கூட்டிப்போகிறாள். அதுவரை நீ எழுதுவதைக் கொட்டை கொட்டையான எழுத்தில் எழுது, கோபித்துக்கொண்டேனே என்று அவரிடம் வருத்தம் தெரிவிக்காதே, அவருக்குப் பிடிக்காது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும், அதுவே எங்கள் ஆசி. ஒன்றை மறக்காமல் செய். ஜனவரித் தாளில் நீ கேட்டிருந்ததற்கு அப்பா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: அங்கே நீ ஓட்டும் படகு காற்றைப் பார்த்தே மூக்கைத் திருப்புகிறது என்றால் பாய்மரத்தை ஒரு விரற்கடை முன்னால் சாய்த்துக் கட்டு, சரியாகிவிடும். பதில் சொல்ல நான்கு மாதம் ஆகிவிட்டதாம், மன்னிக்கச் சொல்கிறார்.

உன் அம்மா,
ஐவி