பால்மாவு டின்னில் மூன்று பட்டாம்பூச்சிகள்

17.8.1952, ஞாயிறு, காலை 7.40. டின்னில் கூடு உடைத்து வெளிவந்தவை மூன்று. வெள்ளைப் பட்டை இரண்டு, சிவப்புப் பொட்டு ஒன்று.

நீ சொன்னதுதான் சரி, கிராணி. பட்டையும் பொட்டும் ஒரே இனம். துக்கம் என்று எழுத வேண்டிய இடம் இது. எனக்கு அலுப்புதான் வருகிறது.

மூடியைத் திறந்ததும் கசங்கிய கறிவேப்பிலை வாடை. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதி முடித்து, புழுவுக்கு இலை பறித்து, அந்த வாடையோடுதான் வருவாய். ரப்பர்ப் பால் சோதிக்கும் என் மேசைமேல் இந்த டின்னை வைத்தாய். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமலிருக்க, கடையில் விற்கும் டின்னையெல்லாம் பதுக்கினால் கெடும்படி துளைத்தே கொடுக்க வேண்டும் என்பது அவசரகாலச் சட்டம்.

"பாத்தியா லென்சு, புழு மூச்சு விட கவர்மெண்டே ஓட்ட போட்டுக் குடுத்திருக்கு."

லென்ஸும் கையுமாய்த் திரிவதால் நீ எனக்கு வைத்த பெயர்.

நம் தோட்டத்துப் பட்டாம்பூச்சிகளின் பட்டியல் இந்த வாரம் மியூசியத்துக்குப் போக வேண்டும். போனபின் திருத்த முடியாது. அதில் இவற்றை நான் இரண்டு இனமாக எழுதியிருந்தேன். நீ விடவில்லை.

"பொட்டு வச்சா வேற ஜாதியாடா? அது ஆம்பள, இது பொம்பள."

"ஆதாரம்?"

"இந்தப் புழுவுக்கெல்லாம் முட்ட போட்டது பொட்டுக்காரி. என் கண்ணால பாத்தேன். உள்ளேருந்து என்ன வருதுன்னு பாருலா."

பார்ப்பதற்குள், நீ பகா டவுனுக்குப் போன லாரியைச் சாலை வளைவில் காட்டிலிருந்து சுட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தாய். இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது.

டின்னில் ஐந்து புழுக்கள் பசியோடு இருந்தன. கறிவேப்பிலை மரமோ நாம் முன்பு குடியிருந்த பழைய லயத்து வீடுகளுக்குப் பின்னால். வீடுகளை முள்வேலிக்குள் மாற்றினார்கள்; மரத்தை மாற்றவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் இலை பறித்துக்கொண்டு வந்தேன். கேட்டில் காவல்காரர் பையைத் திறந்தார்.

"எல்லாரும் சாப்பாட்ட வெளிய கடத்துவான். நீ உள்ள கடத்துற. என்னய்யா, கொழம்புக்கா?"

"புழுவுக்கு."

சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். "கிராணி வளத்ததா?"

"ஆமா."

அப்புறம் அவர் என் பையைத் திறக்கவேயில்லை. ஐந்தும் கூடு கட்டும்வரை தினமும் போய்வந்தேன். கால் நடந்தது, அவ்வளவுதான்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. பட்டியலில் இரண்டு வரியை ஒன்றாக்குவது. கண்டறிந்தவர்: உன் பெயர்.

2. ஒரு ஜோடியை மியூசியத்துக்கு ஊசியில் குத்துவது. நீ திட்டுவாய். குத்தாமல் நம்ப மாட்டார்கள்.

3. மிச்சமுள்ள ஒன்றைப் பழைய லயத்து மரத்தில் விடுவது.

4. இன்னும் இரண்டு கூடு பாக்கி. காத்திருப்பது.

5. தப்பாக எழுதினால் "இல்லடா" என்று சொல்ல ஆள் இல்லை. இனி எதையும் இரண்டு தடவை பார்ப்பது.