உப்பில்லாத நாற்பத்தோரு நாட்கள்

திருவண்ணாமலை
ஜூன் 14, ஞாயிறு

அன்புள்ள அறிவுமதிக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பு தேறிவிட்டது, கை நடுங்கவில்லை என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஆக்லாந்தில் இப்போது குளிர்காலம், நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். முதலில் ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். அம்மாவுக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று உன் அண்ணன் அன்பரசன் உனக்குப் போனில் சொல்லியிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை வரைக்கும் அந்தச் செய்தி போயிருக்கிறது. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. இரத்தத்தில் உப்புச்சத்து இறங்கிப் புத்தி குழம்பியது, இதுவரை உறுதியானது அவ்வளவுதான்.

இதில் என் தவறும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று பங்குனி முதல் தேதியிலிருந்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், உப்பில்லாமல் சாப்பிடுவதாக அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நானே தனியாகச் சமைத்துக்கொள்வதால் உன் அண்ணி கீர்த்தனாவுக்கும் தெரியாது. அதே மாதம் கால் வீக்கத்துக்காக பிரஷர் டாக்டர் நீர் பிரிகிற மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். உப்பைக் கம்மி பண்ணுங்கம்மானு சொன்னார். அடியோடு விட்டிருக்கிறேன் என்று சொல்லாமல், நல்ல மாணவி மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

சித்திரை பிறந்ததும் ஒரு நாள் பீரோ சாவி காணவில்லை. கீர்த்தனாதான் எடுத்தாள் என்று தெருவே கேட்கக் கத்தினேனாம். சாவி அரிசி டப்பாவில் இருந்தது. நீங்களே வெச்சுட்டு என்னைத் திருடினு சொல்றீங்களே அத்தைனு அவள் அழுதாளாம். அவள் வைத்தாளா நான் வைத்தேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் சொல்கிறாள் என்பதற்காக மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு நாள் கழித்து செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வாசலில் போய் நின்று, சாருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன், வரச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் அப்பாவின் ஆபீஸ் இருந்த இடம் அது. அப்பா போய் ஒன்பது வருஷமாகிறது. கையில் இருந்தது காலி டிபன் கேரியர். வாட்ச்மேன் மணி என்பவர் ஆட்டோ வைத்து அனுப்பினாராம். வயசானா இப்படித்தான், இதுக்கு வைத்தியம் ஏதுனு அன்பரசன் சொல்லிவிட்டான். அடுத்த நாள் வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம் என்றான பிறகுதான் ஆஸ்பத்திரி.

அங்கே டாக்டர் நந்தினி, உன்னைவிடச் சின்னவள், கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரிந்தவள். மாத்திரை அட்டைகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னாளாம். இரத்தம், சிறுநீர், தைராய்டு, பி12 எல்லாம் பார்த்திருக்கிறாள். நீர் மாத்திரையை நிறுத்தி, உப்புச்சத்து ஏறி எனக்குத் தெளிவு வந்ததும் வேண்டுதலைச் சொன்னேன். நாற்பத்தோரு நாள் போதும் பாட்டி, மிச்ச நாளை அண்ணாமலையார் கேட்க மாட்டாருனு சிரித்தாள். பிறகு அன்பரசனை உட்காரவைத்து, மறதி நோய் வருஷக்கணக்குல மெதுவா வரும், நாலஞ்சு நாள்ல இப்படித் திடீர்னு ஆகுதுன்னா வேற காரணத்தைத்தான் முதல்ல தேடணும்னு சொன்னாள். கிருமி, மாத்திரை, உப்புச்சத்துக் குறைவு எதுவானாலும் இப்படிச் செய்யும், பல நேரம் சரிபண்ணலாம் என்றாள். நான் வெற்றியோடு அவனைப் பார்த்தேன். உடனே என் பக்கம் திரும்பி, இது சரியாயிடுச்சுங்கிறதால அடியில வேற ஒண்ணும் இல்லேனு இப்பவே சொல்ல முடியாது, ஆடியில ஞாபகப் பரிசோதனை வைக்கிறேன், இந்தக் குழப்பத்துக்கு முன்னாடியே மறதி இருந்துச்சானு தெரிஞ்சவங்க சொல்லணும் என்றாள்.

தெரிந்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி. அன்பரசன் ஒரு வருஷமாக என்கிறான். கீர்த்தனா, இல்லீங்க டாக்டர், ரெண்டு வருஷம் இருக்கும் என்கிறாள். பாஞ்சாலை, அவங்களுக்கா, என் வீட்டுக் கதையைக்கூட எனக்கே ஞாபகப்படுத்துவாங்க என்கிறாள். போன வாரம் பேப்பருக்கு அடியில் வேலூர் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றின் நோட்டீஸ் இருந்தது. சும்மா விசாரிச்சேம்மா என்கிறான். சும்மா விசாரித்தவன் பொது அறை என்ற இடத்தில் பேனாவால் எதற்கு வட்டம் போட்டான்? ஆடியில் இவர்கள் சொல்வதுதான் டாக்டர் காதுக்குப் போகும்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். ஆறு வருஷமாக மாதம் ஒரு கடிதம், பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் பழக்கியபடி தேதி போட்டு எழுதியிருக்கிறேன். எல்லாம் உன்னிடம் இருக்கின்றன. வரிசையாக வைத்துப் படி. ஒரே செய்தியை இரண்டு முறை சொல்லியிருக்கிறேனா, போனவர்களை இருப்பவர்களாக எழுதியிருக்கிறேனா, எந்த மாதம் முதல் என்று பார். சித்திரையில் எழுதியதில் என்ன இருக்கிறது என்பது எனக்கே நினைவில்லை. பங்குனிக்கு முன்னாலேயே பிசகு இருந்தால் அதையும் மறைக்காதே. எல்லோரையும் சந்தேகப்படுகிறவள் தன்னையும் ஒரு முறை சந்தேகப்பட்டுப் பார்ப்பதுதான் முறை. எனக்காக மனம் இளகி ஒரு கடிதத்தைக்கூட ஒதுக்கிவிடாதே.

அண்ணாமலையார் உங்கள் இருவரையும் நல்லபடி வைத்திருக்கட்டும். நீ எனக்காக விரதம் எதுவும் எடுக்காதே, எடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடு. போனில் பேச வேண்டாம், அது எப்போதும் கீர்த்தனா கையில் இருக்கிறது. ஆடிக்கு முன்னால், தேதியோடு, உன் கையால் பதில் எழுதி என் பெயருக்குத் தபாலில் அனுப்பு.

உன் அம்மா,
த. ஜோதியம்மாள்