சூப்புக்கு மேல் பறந்தது

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

செவ்வாய்க்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது, பதறாதே. ஒரு வீட்டின் கூரையை ட்ரோனில் படமெடுத்துக்கொண்டிருந்தேன். காற்று தள்ளியதில் அது பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக நுழைந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இந்த நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற வக்கீலம்மா.

"என் வீட்டுக்கு மேல பறந்தா ஆகாயம்னு விட்டுடலாம். என் சூப்புக்கு மேல பறந்தா அத்துமீறல்" என்றார்.

அவர் புகார் கொடுத்தால் என் லைசென்ஸ் போய்விடும், வேலையும் கூடவே போகும். கெஞ்சினேன். கடைசியில், "நானும் என் ட்ரோனும் இனி இந்த வீட்டுக்கு வரமாட்டோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு ட்ரோனைக் கொடுத்தார்.

வாசலைத் தாண்டும்போது, நம் பழக்கத்தில், "வரேங்க" என்பதை அவர்கள் மொழியிலேயே சொல்லித் தொலைத்தேன்.

"இப்பதானே வரமாட்டேன்னு கையெழுத்துப் போட்டே!" என்று போனை எடுத்துவிட்டார்.

"ஐயோ, எங்க ஊர்ல போறேன்னு சொல்லமாட்டோங்க. போறதைத்தான் வரேன்னு சொல்லுவோம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"சரி, வா. ஆனா வராதே."

லைசென்ஸ் தப்பியது.

அடுத்த பார்சலில் தலைவலித் தைலம் ஒன்று வை. இன்னொன்று, போன் பேசி முடித்ததும் "வெச்சிடறேன்" என்று சட்டென்று வைத்துவிடுகிறாய். இனி "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு வை. இங்கே அப்படிச் சொல்ல ஆளில்லை.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. வரேம்மா.

உன் மகன்