அறுக்காமல் விட்ட புல்

அன்பு மகள் டெல்லாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றுகளும் ஆண்டவர் புண்ணியத்தில் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முனகும், அது உனக்குத் தெரிந்ததுதான். கடலுக்கு அந்தப் பக்கம் ஜப்பானில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். கப்பல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய், பிடிக்காவிட்டாலும் காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே. சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வசந்தத்தில் உன் அம்மா ஒரு காட்டு வான்கோழிச் சேவலைச் சுட்டாள். இன்னொரு தடவை படித்துப் பார், அப்பா இல்லை, நான்தான். அதுவும் நம்முடைய மேட்டிலேயே. ஒரு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும், ஊரெல்லாம் சொல்லி முடிக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

நீ கப்பற்படைக்குப் போன அந்த வசந்தத்தில் நடந்த ஒன்றை உனக்கு எழுதக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், இப்போது அவரே எழுது என்கிறார். அந்த வருஷம் மேட்டில் ஒரு சேவல்கூட முழங்கவில்லை. அப்பா மேட்டுக்கு இந்தப் பக்கம் ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, வான்கோழியைக் கூப்பிடும் மரப்பெட்டியைத் தேய்த்துப் பெட்டைக் குரல் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டை பதில் கொடுத்ததாம். பெட்டைக்குக் கோபமூட்டினால் அது சேவலையும் இழுத்துக்கொண்டு வரும் என்று இவர் இன்னும் உரக்கக் கூப்பிட, அதுவும் விடாமல் கூப்பிட, காலை முழுக்க இப்படியே வாய்ச்சண்டை. கடைசியில் பொறுமையிழந்து வேலி வரைக்கும் தவழ்ந்து போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் முகத்தில் மறைப்பு வலையும் மடியில் இதே மாதிரிப் பெட்டியுமாக உன் வெண்டல் பெரியப்பா. இரண்டு பேர் கையிலும் துப்பாக்கி, ஆண்டவர்தான் காப்பாற்றினார். பெரியப்பா சிரிக்கக்கூட இல்லையாம். "தம்பி, இந்தப் பள்ளத்தாக்குல மிச்சமிருக்கிற வான்கோழி நாம ரெண்டு பேருதான்டா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா வீட்டுக்கு வந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு உறையில் வைத்துக் கட்டினார். இனி எடுக்கப்போவதில்லை என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கு அழுதாரா என்று கேட்காதே.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆளாளுக்கு நரி தின்றுவிட்டது, ரக்கூன் முட்டையைக் குடித்துவிட்டது என்று சொன்னார்களே தவிர, முந்தின கோடையில் புல் அறுத்தபோது காட்டோரத்து வயலில் நான் பார்த்ததை ஒருவரும் பேசவில்லை. அடைகாக்கும் பெட்டை, அறுக்கும் இயந்திரத்தின் கத்தி கழுத்துக்கு வந்தாலும் கூட்டை விட்டு எழுந்திருக்காது. இறகும் உடைந்த முட்டையுமாகக் கிடந்ததை நான்தான் குழி தோண்டி மூடினேன். ஆனால் நம் வீட்டில் முதல் புல் அறுப்பு என்றால் அது திருவிழாவாயிற்றே, அண்ணன் டிராக்டர் சத்தம் கேட்பதற்கு முன் தம்பி டிராக்டர் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வருஷம் முழுக்கத் தலைநிமிர முடியாது. நான் அப்பாவிடம், காட்டோரத்து வயலை மட்டும் ஜூலை நாலு, சுதந்திர தினம் வரைக்கும் தொடாதீர்கள், குஞ்சு பொரித்துப் பறக்கட்டும் என்றேன். "முத்திப்போன புல்லை மாடு திங்குமா, நீ திம்பியா?" என்று கேட்டார். மாடு தின்னாவிட்டால் நான் தின்கிறேன் என்றேன். ஒரு வாரம் கதவையெல்லாம் அறைந்து சாத்தினார், ஆனால் அந்த வயலைத் தொடவில்லை.

ஊர் வாயைக் கேட்க வேண்டுமா, தேவாலய வாசலில் எல்லார் முன்னாலும் உன் பெரியப்பா என்னைப் பார்த்து, "ஏம்மா நோரீன், உங்க வீட்ல புல் அறுக்கிற ஆள் செத்துப்போயிட்டானா?" என்று கேட்டார். அந்தக் கோடையில் குளிர்ந்த மழை விடாமல் பெய்து ஒரு குஞ்சும் தங்கவில்லை. குளிர்காலத்தில் மாடுகள் பிந்தி அறுத்த அந்தப் புல்லை முகர்ந்துவிட்டு என்னைத்தான் முறைத்தன. அப்பா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. புல்லும் இல்லை கோழியும் இல்லை என்று நான் முட்டாளாகி நின்றேன். அடுத்த வருஷமும் விட்டுப் பார்ப்போம் என்று அப்பாதான் சொன்னார், சத்தியமாக நான் கேட்கவில்லை. அந்த வருஷம் ஜூன் மாதக் கடைசியில் ஒரு பெட்டை ஒன்பது குஞ்சுகளோடு அறுக்காத புல்லிலிருந்து வெளியே வந்து, ராணி மாதிரி சாவகாசமாக நம் வண்டிப்பாதையைக் கடந்தது. அப்பா டிராக்டரை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். போன வசந்தத்தில் மார்பில் தொங்கும் கட்டைவிரல் நீளத் தாடியோடு மூன்று இளஞ்சேவல்கள் மேட்டில் சுற்றின. சட்டப்படி சுடலாம், சுடு சுடு என்று பெரியப்பாவுக்குக் கை பரபரத்தது. இன்னும் ஒரு வருஷம் வளரட்டும், அதன் பிறகு இந்த மேடு அதுகள் முழக்கத்தில் அதிரும் என்று அப்பா வேலியோரம் காவலே இருந்தார்.

இந்த வருஷம் வேட்டைக் காலம் திறந்த முதல் நாள் விடியலில், அப்பா உறையை அவிழ்த்துத் துப்பாக்கியை எடுத்துக்கொள்ள, இரண்டு பேரும் மேட்டுக்குப் போனோம். நானும் அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தேன், சும்மா துணைக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா ஒரே ஒரு தடவை பெட்டியைத் தேய்த்தார். டெல்லா, மேடே பிளந்ததுபோல ஒரு முழக்கம். அது அடங்குவதற்குள் ஓடைப் பக்கம் இன்னொன்று, அதற்கு மேலே இன்னொன்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து எதிரே இருப்பதே தெரியவில்லை. வாலை விசிறியாக விரித்து, தலை சிவந்து, இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு ஒரு பெரிய சேவல் மரங்களுக்கு நடுவில் வந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் துப்பாக்கியை என் மடியில் வைத்து, "நீ விதைச்சது நோரீன், நீயே அறு" என்று காதோடு சொன்னார். ஒரே வெடி, விழுந்தது. தாடி என் முன்கை நீளம், கால் முள் வளைந்து நின்றது. வீட்டுக்குக் குறுக்குப் பாதை இருக்கும்போது, கால் வலிக்காரர், அதைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியப்பா வீட்டு வாசல் வழியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்து அரை மைல் சுற்றினார். நானும் நன்றாக நிமிர்ந்து நடந்தேன், என்னத்துக்கு மறைக்க வேண்டும்.

மார்புக்கறியை மாவில் புரட்டிப் பொரித்தேன், கால்களை நாள் முழுக்க அடுப்பில் வேகவைத்தேன், பெரியப்பா குடும்பத்தையும் கூப்பிட்டோம். பெரியப்பா மூன்று துண்டு தின்றார். போகும்போது வாசலில் நின்று, அந்த முத்தின புல்லை மாட்டுக்கு எப்படித்தான் தின்ன வைக்கிறாய் என்று யாருக்காகவோ கேட்பதுபோலக் கேட்டார். வெல்லப்பாகு தெளித்துக் கொடுக்கிறேன் என்றேன். இப்போது ஜூன் பிறந்துவிட்டது, பள்ளத்தாக்கு முழுக்க டிராக்டர் சத்தம், பெரியப்பாவின் காட்டோரத்து வயல் மட்டும் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. அறுக்கும் இயந்திரம் பழுது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நேற்று அந்த இயந்திரத்தில்தான் அவர் மற்ற வயலையெல்லாம் அறுத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நீ நல்ல பெயரோடும் நிறைந்த ஆயுளோடும் இருக்க வேண்டும் கண்ணே, ஆண்டவர் உன் கப்பலுக்குக் காவலாக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவுக்கு மறக்காமல் போன் செய். இயந்திரம் சரியாகிவிட்டதா என்று அக்கறையாகக் கேள், எக்காரணம் கொண்டும் சிரித்துவிடாதே. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அது பழுதாகவே இருக்கட்டும்.

உன் அன்புள்ள அம்மா,
நோரீன்