பின் சீட்டில் அக்கா

வடக்குத்து
3.2.2024

அன்புத் தம்பி மதிவாணனுக்கு,

போனில் பேசினால் ரெக்கார்டு செய்து கோர்ட்டில் போடுவார்களாம், அதனால்தான் எழுதுகிறேன். கால் வீக்கம் வடிந்ததா? நீ கேஸ் கொடுத்ததிலிருந்து மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. அவர் ஓட்டிய வண்டி லேசாகத்தானே இடித்தது? கேஸ் இருந்தால் மைன்ஸுக்குள் போகும் மாமாவின் கேட் பாஸைப் புதுப்பிக்க மாட்டேன் என்கிறார் வண்டிக்காரக் காண்ட்ராக்டர். வாபஸ் வாங்கிவிடப்பா.

உன் அக்கா
அன்புக்கரசி

குறிஞ்சிப்பாடி
8.2.2024

அக்காவுக்கு,

லேசான இடிதான். கணுக்கால் எலும்பு உடைந்திருக்கிறது. நிற்க முடியாதவனுக்கு நிலக்கரிக் கன்வேயரில் என்ன வேலை? ஷிப்டு போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

ஆஸ்பத்திரியில் மாமாதானே சொன்னார், "கேஸ் குடு மாப்ள, இன்சூரன்ஸ்காரன்தான குடுக்கப்போறான், எனுக்கு ஒண்ணும் ஆவாது" என்று? காண்ட்ராக்டர் இன்சூரன்ஸே கட்டாமல் வண்டியை ஓட்டவிட்டிருக்கிறான். இப்போது தன் கையிலிருந்து போகும் என்றதும் மாமாவை மிரட்டுகிறான்.

நீ பின் சீட்டில் இருந்ததை நான் புகாரில் எழுதவில்லை. டியூட்டி வண்டியில் குடும்பத்தை ஏற்றியது தெரிந்தால் மாமாவுக்கு வேலை போய்விடும். அதையாவது நினைத்துப் பார்.

உன் தம்பி
மதிவாணன்

வடக்குத்து
21.7.2025

தம்பி,

நாளை மறுநாள் கோர்ட்டுக்கு வராதே.

நான் வண்டியில் இருந்ததை மாமாவே காண்ட்ராக்டரின் வக்கீலிடம் உளறிவிட்டார். அந்த ஆள் வீடு தேடி வந்து, "பையன் குடிச்சிட்டு குறுக்க வந்தான்னு சொல்லிடும்மா, பாஸ் கைக்கு வந்துடும்" என்கிறார். அப்பாவைக் குடி கொண்டுபோன பிறகு நீ அந்தப் பக்கமே போனதில்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் பாஸ் இல்லாமல் மாமா இத்தனை நாளும் அரைச் சம்பளத்துக்கு மைன்ஸுக்கு வெளியேதான் ஓட்டுகிறார், பெண் தேவயானியை வேறு இப்போதுதான் காலேஜில் சேர்த்திருக்கிறோம். வேறு வழி தெரியவில்லை.

அன்புக்கரசி

வடக்குத்து
7.11.2025

தம்பி,

கேஸ் தள்ளுபடியான மறுவாரமே மாமாவை நிறுத்திவிட்டார்கள். "டியூட்டி வண்டியில பொண்டாட்டிய ஏத்திக்கினு சுத்துனவனுக்குப் பாஸா? கோர்ட்லயே அவ வாயால சொல்லிட்டாளே" என்று காண்ட்ராக்டர் சிரித்தாராம்.

மாமா வெளியே போவதே இல்லை. கேட்கக் கூசுகிறது. நீ பார்த்த கன்வேயர் வேலைக்கு நீ இனிப் போகப்போவதில்லை. அதை மாமாவுக்குக் கேட்டுத் தருவாயா?

அக்கா

குறிஞ்சிப்பாடி
14.11.2025

அக்காவுக்கு,

சூப்பர்வைசர் குமரவேலிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்கு மாமாவை வரச் சொல். பாஸ் அவரே போட்டுக் கொடுப்பார்.

"கிட்ட போனா சாராய வாடை அடிச்சிதுங்க" என்று நீ கூண்டில் நின்று சொன்னபோது நான் கடைசி பெஞ்சில்தான் இருந்தேன்.

என் பூட்ஸையும் இத்துடன் கொடுத்தனுப்புகிறேன். மாமாவுக்கும் அதே சைஸ்தான். எனக்கு இடது கால் அதற்குள் நுழைவதில்லை.

இனி எழுதாதே.

மதிவாணன்