அடுப்பங்கரைச் சுவரில் கரிக்கோடுகள்

12-2-1947, புதன்

மெஹபூப் அலி இன்று ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டுப்போனான். பர்மாவில் எங்கள் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளைப் பழக்கியவன். இப்போது கார்ப்பரேஷன் நாய் வண்டியில் சிக்குகிற நாய்களைக் கேட்டு வாங்கி, பழக்கி, சண்டையிலிருந்து திரும்பிய என்னைப் போன்றவர்களிடம் சேர்க்கிறானாம். “கை நடுங்க ஆரம்பிச்சா காலு மேல வந்து குந்திக்கும், லியோனார்ட் சாப். நடுக்கம் நின்னுடும்” என்றான். காசு வேண்டாமாம். இந்தக் காலத்தில் யார் யாருக்குச் சும்மா செய்கிறார்கள்? என் மனைவி ஐரின் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கத்தரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிறவள். இருவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள்.

13-2

நாய் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

21-2, வெள்ளி

காலையில் முகம் மழிக்கும்போது கை நடுங்கியது. நாய் ஓடிவந்து காலின்மேல் உட்கார்ந்தது. நல்ல கனம். நடுக்கம் நின்றதென்னவோ உண்மை, விஷயம் அதுவல்ல. ஐரின் நேரே அடுப்பங்கரைக்குப் போய்ச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டாள். அவள் கச்சேரி ரோட்டுக் கடைக்குப் போனதும் எண்ணினேன். இந்த வாரம் மட்டும் பதினொன்று.

என் நடுக்கத்துக்கு எதற்குக் கணக்கு? அவள் அண்ணன் ஆம்ப்ரோஸ் கிறிஸ்துமஸுக்கு வந்தபோதே, “கீழ்ப்பாக்கத்துல கொஞ்ச நாள் வச்சுப் பாக்கலாம், மாப்ளே” என்று சொல்லிவிட்டுப் போனான். என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கிறது. நாய்தான் சாட்சி.

28-2, வெள்ளி

தொழுகை முடிந்து மெஹபூப் வந்தான். “இந்த வாரம் எத்தினி தபா, தங்கச்சி?” “ஒம்பது, பாய்.” என்னைப் பார்த்ததும் இருவரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பிப்ரவரியில் மழை!

7-3, வெள்ளி

தபசு காலம், பாஸ்காத் திருநாள்வரை நோன்பு. விபூதிப் புதனிலிருந்து வீட்டில் கறி சமைப்பதில்லை. ஆனால் மெஹபூப் மனைவி ஜமீலுன்னிசாவிடமிருந்து ஐரின் தினமும் ஒரு இலைப் பொட்டலம் வாங்கி வருகிறாள். இன்று பிரித்துப் பார்த்தேன். கறி. எனக்கு நடுங்கினால் நாய் வந்து உட்காரும். உடனே அவள் அதைக் கொல்லைக்குக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுப்பாள். உளவு பார்க்கிற நாய்க்குச் சம்பளம்! தினம் பூசைக்குப் போகிறவள், சுத்தபோசன நாளில் கறியைக் கையால் தொடுகிறாள். பாவத்துக்கே துணிந்துவிட்டவள் வேறு எதற்குத் துணிய மாட்டாள்?

சுவரில் எட்டு.

14-3

ஆறு. குறைத்துப் போடுகிறாள் — ஏன்?

28-3

மூன்று. நானும் யோசித்துப் பார்த்தேன், மூன்று தடவைதான் இருக்கும். ஆனாலும் நம்ப மாட்டேன்.

31-3, திங்கள்

பாஸ்காவுக்கு வருஷா வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிப்போம். ஐரின் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் நானே சுண்ணாம்பு கலக்கினேன். முதலில் அடுப்பங்கரை. இரண்டு பூச்சு. ஒரு கோடுகூடத் தெரியவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

அவள் வந்து பார்த்தாள். முக்காட்டைக்கூட எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னா பண்ணிட்டீங்க... பாஸ்கா முடிஞ்ச செவ்வாக்கிழமை அண்ணன் டாக்டரைக் கூட்டிக்கினு வருது. உங்களை அனுப்பாம இருக்கத்தாங்க அந்தக் கோடு. வாயால சொன்னா நம்ப மாட்டாங்க, வாரா வாரம் கொறையறதைக் காட்டுன்னு பாய் சொன்னாரு. கறி குடுத்தாத்தான் நாய் மறக்காதாம். சாமியார்கிட்ட உத்தரவு கேட்டுத்தான் தொட்டேன்.”

பொய்யோ? பொய்யென்றால் ஏன் இப்படி அழுகிறாள்? அய்யோ, என் கையாலயே... எனக்கு ஒண்ணும் புரியலையே.

8-4, செவ்வாய்

டாக்டர் வந்தார். ஆம்ப்ரோஸ் காரை வாசலிலேயே நிறுத்தியிருந்தான். நடுக்கம் வாரா வாரம் குறைகிறது, சுவரில் கணக்கு வைத்திருந்தேன் என்றாள் ஐரின். கணக்கு எங்கே என்று டாக்டர் கேட்டார். ஐரின் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “நான்தான் சார், மறந்து வெள்ளையடிச்சுட்டேன்” என்றாள். ஆம்ப்ரோஸ் என் துணிகளை எடுத்துவைக்கச் சொன்னான்.

கணக்கு இந்த நோட்டில் இருந்தது. இதைக் கொடுத்தால் மற்றதையும் கொடுத்தாக வேண்டும். கை நடுங்கியது, நாய் காலில் ஏறியது. நோட்டை நீட்டினேன். டாக்டர் தெலுங்குக்காரர், தமிழ் படிக்க வராது. எதையும் விடாமல் படிக்கும்படி ஐரினிடம் சொல்லிவிட்டார்.

படித்தாள். ‘பாவத்துக்கே துணிந்துவிட்டவள்’ என்ற இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். பிறகு அதையும் உரக்கப் படித்தாள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

சந்தேகப் புத்தி இன்னும் இருக்கிறது, ஆனால் நடுக்கம் குறைகிறது, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். ஆம்ப்ரோஸ் காரை எடுத்துக்கொண்டு போனான்.

13-4, ஞாயிறு

ஐந்து நாளாக ஐரின் என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், அவ்வளவுதான். இன்று மத்தியானம் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே வந்து நின்றாள்.

“இன்னும் எழுதறீங்களா?”

“ஆமாம்.”

“எழுதுங்க. ஆனா இனிமே என்னைப் பத்தி எழுதறதா இருந்தா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க.”

கேட்டேன். அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. விளக்கேற்றும் நேரம்வரை பேசிக்கொண்டே இருந்தாள்.