டப்பாவுக்குள்ள மூணு நாரு

மாமா,

குழாயாண்ட நீ வெச்சிருந்த டப்பாவ கழுவலாம்னு தொறந்தேன். பக்குனு ஆயிட்ச்சு. உள்ள எண்ணெய் சொட்டச் சொட்ட காணாம போன என் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரு, மூணும்!

காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ற சூப்பர்சார்ஜர் வெச்ச காருல இன்ஜின் வயித்துலேர்ந்து வர்ற எண்ணெய்ப் பொகைய டப்பாவுல புடிக்கிறோம்னு நீ வேல பாக்குற ஒரகடம் ஷெட்டப் பத்திப் பெருமை பேசினியே. எத வெச்சுப் புடிக்கிறேன்னு சொன்னியா?

நாரு போனது உன் தங்கச்சி பாஞ்சாலி வேலதான்னு நேத்து அவள என்னா பேச்சு பேசிட்டேன்! சோத்தத் தொடாம வடக்குப்பட்டுக்கே கெளம்பிப் போச்சு அந்தப் பொண்ணு. நீயும் பக்கத்துல குந்திகினு கேட்டுகினுதானே இருந்தே?

வடக்குப்பட்டு போறேன். கால்ல வுழுந்தாவது அவள கூட்டியாரணும். சாவி பக்கத்து வூட்டுல கீது. கொழம்பு அடுப்பு மேல.

சசிரேகா

துன்னுட்டு பாத்திரத்த நீயே தேய். நாரு எங்க கீதுன்னு உனக்குத்தான் தெரியுமே.